பூஜ்ஜியத்தைத் தொடாத மின்சாரத்தை நிறுத்துவது எப்படி?

எலக்ட்ரானிக்ஸ் கடையில் சில்லறைக் காசுக்குக் கிடைக்கும் நீல நிற ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) ஒன்றை எடுத்து, அதன் முதுகில் அச்சடித்திருப்பதைப் படித்துப் பாருங்கள். திசை மாறிமாறி ஓடும் ஏசி என்றால் 250 வோல்ட், 10 ஆம்பியர். ஒரே திசையில் ஓடும் டிசி என்றால் 30 வோல்ட், அதே 10 ஆம்பியர். தொடுமுனை ஒன்றுதான், இடைவெளியும் ஒன்றுதான். மின்சாரத்தின் வகை மாறியதும் அது வெட்டக்கூடிய அழுத்தம் எட்டில் ஒரு பங்காகிவிடுகிறது. மாடியில் சோலார் போடும்போது, பேனலிலிருந்து வரும் டிசி பக்கத்தில் கையில் கிடைத்த ஏசி எம்சிபியை (வீட்டு மின்பெட்டியில் பழுது வந்தால் தானே விழும் சிறிய பிரேக்கர்) மாட்டக் கூடாது என்று சொல்வதும் இதனால்தான். டிசிக்கென்றே செய்த எம்சிபிகளிலும் பிளஸ், மைனஸ் குறி போட்டவை உண்டு. அவற்றை மாற்றி மாட்டினால் தீப்பொறியை அணைக்க வைத்திருக்கும் காந்தம் அதை எதிர்ப்பக்கம் தள்ளி, பெட்டியையே எரித்துவிடும்.

சில நூறு வோல்ட்டிலேயே இந்தப் பாடு என்றால், 10 அல்லது 20 கிலோவோல்ட் டிசியில், ஆயிரம் ஆம்பியர் ஓடும் கம்பியை நடுவில் எப்படி அறுப்பது? சோலார், பேட்டரி, டேட்டா சென்டர், மின்வாகன சார்ஜர், கப்பலின் மோட்டார் என எல்லாமே உள்ளுக்குள் டிசியாகிவிட்டதால், இவற்றை இணைக்கும் வலையமைப்பையும் நடுத்தர மின்னழுத்த டிசியிலேயே அமைக்கலாமே என்ற பேச்சு பல ஆண்டுகளாக நடக்கிறது. சர்வதேசத் தரங்களின்படி 1500 வோல்ட்டுக்கு மேலே போனால் அது தாழ்வழுத்தம் இல்லை. அங்கிருந்து சில பத்து கிலோவோல்ட் வரை உள்ள பகுதியைத்தான் நடுத்தரம் என்கிறார்கள். ஏசியை டிசியாகவும் டிசியை ஏசியாகவும் மாற்றும் கன்வெர்ட்டர் இருக்கிறது, கேபிள் இருக்கிறது. பெரும்பாலும் இடிக்கிற இடம், பழுது வந்தால் மின்சாரத்தை அறுக்கும் பிரேக்கர்.

முதலில் ஏசி பிரேக்கர் என்ன செய்கிறது என்று பார்த்துவிடுவோம். 50 ஹெர்ட்ஸ் மின்னோட்டம் ஒரு நொடிக்கு நூறு தடவை பூஜ்ஜியத்தைத் தொடுகிறது. பிரேக்கரின் தொடுமுனைகள் பிரிந்ததும் நடுவே ஆர்க் எனப்படும் மின்வில் எரிகிறது, அந்த ஆர்க் வழியாக மின்சாரம் ஓடிக்கொண்டேதான் இருக்கிறது. அதிகபட்சம் 10 மில்லிநொடிக்குள் ஒரு பூஜ்ஜியம் வரும், ஆர்க் தானாக அணையும். அந்தக் கணத்தில் இடைவெளி மறுபடி பற்றிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்வதுதான் பிரேக்கரின் வேலை. கறாராகச் சொன்னால் ஏசி பிரேக்கர் மின்சாரத்தை வெட்டுவதே இல்லை, அது செத்த பிறகு உயிர்த்தெழாமல் தடுக்கிறது. நம்மூர் 11, 33 கிலோவோல்ட் துணைமின் நிலையங்களில் விசிபி என்று சொல்லும் வெற்றிட பிரேக்கர் இதில் கெட்டிக்காரன். வெற்றிடத்தில் ஓரிரு மில்லிமீட்டர் இடைவெளியே பல ஆயிரம் வோல்ட்டைத் தாங்கிவிடும்.

டிசியில் அந்தப் பூஜ்ஜியம் வரவே வராது. தொடுமுனையைப் பிரித்தால் ஆர்க் எரியும், எரிந்துகொண்டே இருக்கும். கம்பியின் இண்டக்டன்ஸில் (மின்னோட்டம் மாறுவதை எதிர்க்கும் குணம்) காந்த ஆற்றலாகச் சேர்ந்திருப்பது எங்காவது போயாக வேண்டும். ஓடுகிற தேரை நிறுத்துவதைப் போலத்தான் இது. சக்கரத்தின் அடியில் முட்டுக்கட்டை போட்டால்தான் தேர் நிற்கும், முன்னால் வடம் பிடித்தவர்கள் இழுப்பதை விடாவிட்டால் அவர்களுடைய பலத்தையும் சேர்த்து அந்தக் கட்டைதான் வாங்க வேண்டும். டிசி பிரேக்கரில் முட்டுக்கட்டை என்பது எதிர் மின்னழுத்தம். மூலத்தின் அழுத்தத்தைவிட அதிகமான எதிர் அழுத்தத்தை பிரேக்கரே உண்டாக்கினால் மட்டுமே மின்னோட்டம் குறையத் தொடங்கும். அதைக் குறைத்து முடிப்பதற்குள் சேர்ந்திருக்கும் ஆற்றலையும், மூலம் இன்னும் தள்ளிக்கொண்டிருக்கும் ஆற்றலையும் விழுங்க வேண்டும்.

எத்தனை விதமான டிசி பிரேக்கர் வந்தாலும் செய்வது இந்த ஒன்றைத்தான். எதிர் அழுத்தத்தை எதைக்கொண்டு, எவ்வளவு சீக்கிரம் கொண்டுவருகிறது என்பதில்தான் வேறுபாடு.

ரயில்வேயின் பழைய வழி

இதற்குப் பழைய தீர்வு ஒன்று இருக்கிறது, நூற்றாண்டுக் காலமாக ரயில்வேயில் வேலை செய்கிறது. மும்பையில் 1925-ல் மின்ரயில் ஓடத் தொடங்கியபோது அது 1500 வோல்ட் டிசி. சென்னையில் கடற்கரை–தாம்பரம் மீட்டர்கேஜ் பாதை 1931-ல் மின்மயமானதும் அதே 1500 வோல்ட் டிசியில்தான், 1960களில்தான் அது 25 கிலோவோல்ட் ஏசிக்கு மாறியது. இத்தாலியில் இன்றும் 3000 வோல்ட் டிசி. பெங்களூரு, கொச்சி மெட்ரோக்களின் மூன்றாம் தண்டவாளத்தில் 750 வோல்ட் டிசி.

இங்கெல்லாம் இருக்கும் அதிவேக பிரேக்கர் ஆர்க்கையே ஆயுதமாக்குகிறது. தொடுமுனை பிரிந்ததும் பிறக்கும் ஆர்க்கைக் காந்தத்தால் மேலே ஊதி, அடுக்கடுக்கான உலோகத் தகடுகள் உள்ள அறைக்குள் தள்ளுகிறார்கள். ஒவ்வொரு இரு தகடுகளுக்கு நடுவிலும் ஒரு குட்டி ஆர்க். ஒவ்வொன்றும் ஏறக்குறைய 25 வோல்ட் எதிர் அழுத்தம் தரும். நூறு தகடு இருந்தால் 2500 வோல்ட். 1500 வோல்ட் பாதைக்கு அது தாராளம். எளிமையான, முரட்டுத்தனமான, நம்பகமான ஏற்பாடு.

இதையே 10 கிலோவோல்ட்டுக்குக் கொண்டுபோனால்? எதிர் அழுத்தமாக 16 கிலோவோல்ட்டாவது வேண்டும் என்று வைத்தால் 640 தகடுகள். ஆர்க் அத்தனைக்குள்ளும் ஒரே சீராக ஏறிப் பரவ வேண்டும், நடுவில் எங்கும் குறுக்கே பற்றிக்கொள்ளக் கூடாது. ரயில் உலகம் 3 கிலோவோல்ட்டோடு நின்றதற்கு மற்ற காரணங்களும் உண்டு, ஆனாலும் ஆர்க் அறையின் எல்லையும் கிட்டத்தட்ட அங்கேதான் இருக்கிறது.

வெற்றிட பிரேக்கரை அப்படியே போட்டுவிடலாமே என்றால், அதில் வேறு சிக்கல். ஏசியில் அதன் பலமாக இருக்கும் குணமே டிசியில் பலவீனம். வெற்றிட ஆர்க்கின் அழுத்தம் சில பத்து வோல்ட்தான். பத்தாயிரம் வோல்ட் மூலத்துக்கு எதிரே அது ஒன்றுமே இல்லை.

மில்லிநொடிக் கணக்கு

இங்கே ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்பது நல்லது, மற்றதெல்லாம் இதிலிருந்துதான் வருகிறது. 10 கிலோவோல்ட் டிசி கேபிள் ஒன்றில் 1000 ஆம்பியர் ஓடுகிறது. எங்கோ ஷார்ட் சர்க்யூட். மின்னோட்டம் ஏறும் வேகம் என்பது அழுத்தத்தை இண்டக்டன்ஸால் வகுத்தால் வருவது. கேபிள் குட்டையானது, மொத்த இண்டக்டன்ஸ் 1 மில்லிஹென்றி என்றால் ஒவ்வொரு மைக்ரோநொடிக்கும் 10 ஆம்பியர் ஏறும். ஒரு மில்லிநொடியில் 1000 என்பது 11,000 ஆகிவிடும். ஏசி உலகின் விசிபி வேலையை முடிக்க 50, 60 மில்லிநொடி எடுத்துக்கொள்ளும். அதுவரை கன்வெர்ட்டரில் இருக்கும் டயோடுகள் பொறுத்துக்கொள்ளாது.

முதலில் பாய்வது கன்வெர்ட்டரின் கெப்பாசிட்டரில் தேங்கியிருக்கும் மின்னூட்டம். அது சில மில்லிநொடியில் காலியாகும், அப்போது டிசி அழுத்தமே படுத்துவிடும். பழுதில்லாத மற்ற பகுதிகளும் சேர்ந்து இருளில் மூழ்கும். ஆகவே டிசி வலையமைப்பில் அவசரம் இரண்டு விதம்: மின்னோட்டம் கைமீறுவதற்கு முன் வெட்ட வேண்டும், அழுத்தம் சரிவதற்கு முன்னும் வெட்ட வேண்டும். பலர் முதலாவதைப் பற்றி மட்டும் பேசுகிறார்கள். கடையை மூட வைப்பது பெரும்பாலும் இரண்டாவது.

வேகத்தைக் குறைக்க ஒரு வழி, கம்பியோடு தொடராக ஒரு ரியாக்டரை, அதாவது பெரிய கம்பிச்சுருளை, போடுவது. மொத்த இண்டக்டன்ஸை 5 மில்லிஹென்றி ஆக்கினால் மில்லிநொடிக்கு 2000 ஆம்பியர்தான் ஏறும். இரண்டு மில்லிநொடியில் செயல்படும் பிரேக்கர் 5000 ஆம்பியரை வெட்டினால் போதும். அப்போது காந்தத்தில் சேர்ந்திருக்கும் ஆற்றல் 62.5 கிலோஜூல். ஆனால் பிரேக்கர் விழுங்க வேண்டியது அவ்வளவு மட்டுமில்லை. எதிர் அழுத்தம் 16 கிலோவோல்ட், மூலம் 10 கிலோவோல்ட் என்றால், குறைக்கும் வேலையைச் செய்வது மிஞ்சுகிற 6 கிலோவோல்ட்தான். மின்னோட்டம் பூஜ்ஜியமாக இன்னும் 4 மில்லிநொடிக்குமேல் ஆகும், அதுவரை மூலமும் ஊட்டிக்கொண்டே இருக்கும். கணக்குப் போட்டால் விழுங்கியது 167 கிலோஜூல். காந்தத்தில் இருந்ததைப் போல இரண்டரை மடங்குக்கும் மேல்.

இந்த ஆற்றலை விழுங்குவது துத்தநாக ஆக்சைடு சர்ஜ் அரெஸ்டர். மின்னல் தாக்குதலுக்காகக் கம்பத்தில் மாட்டும் அதே வகைச் சாமான்தான். குறிப்பிட்ட அழுத்தம் வரை கடத்தாது, அதைத் தாண்டினால் தாராளமாகக் கடத்தும், ஆனால் தன் இரு முனைக்கு நடுவே அந்த அழுத்தத்தை விட்டுக்கொடுக்காது. இன்றைய டிசி பிரேக்கர்கள் ஏறக்குறைய எல்லாவற்றிலும் கடைசி வேலை இதனுடையது. அதற்கு முன்னால் இருக்கும் மற்ற எல்லா ஏற்பாடும், மின்னோட்டத்தை அரெஸ்டருக்குள் தள்ளிவிடுவதற்காகத்தான்.

மூன்று வழிகள்

முதல் வழி, இல்லாத பூஜ்ஜியத்தைச் செயற்கையாக உண்டாக்குவது. ஒரு வெற்றிடக் குடுவை, அதற்கு இணையாக முன்கூட்டியே மின்னூட்டம் ஏற்றிய கெப்பாசிட்டர், சின்னச் சுருள், ஒரு சுவிட்ச். தொடுமுனைகள் போதிய தூரம் பிரிந்ததும் கெப்பாசிட்டரை அவிழ்த்துவிட்டால், அலைவு மின்னோட்டம் ஒன்று குடுவை வழியாக எதிர்த்திசையில் பாயும். இரண்டும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும் கணத்தில் பூஜ்ஜியம். வெற்றிடம் தனக்குத் தெரிந்த வேலையைச் செய்துவிடும். 1970களின் தொடக்கத்திலேயே அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தில் ஆலன் கிரீன்வுட் முதலியோர் இந்தக் கொள்கையை எழுதிவைத்துவிட்டார்கள். சாதாரணமாக ஓடும்போது உலோகத் தொடுமுனை மட்டுமே பாதையில் இருப்பதால் இழப்பு அற்பம். தொடுமுனை மின்தடை 20 மைக்ரோஓம் என்றால், 1000 ஆம்பியருக்கு 20 வாட். ஒரு எல்இடி டியூப்லைட் அளவு.

குறை என்னவென்றால் நேரம். பொதுவாக 5 மில்லிநொடியாவது போகும், அதற்கேற்பப் பெரிய ரியாக்டர் வேண்டும். 10 மில்லிஹென்றி வைத்தால் 5 மில்லிநொடியில் மின்னோட்டம் 6000 ஆம்பியர் ஆகிறது. மேலே போட்ட அதே கணக்கில் அரெஸ்டர் விழுங்க வேண்டியது 480 கிலோஜூல். இன்னொரு வினோதமும் உண்டு. பெரிய பழுது மின்னோட்டத்தைவிடச் சின்ன மின்னோட்டத்தை வெட்டுவது இதற்குக் கஷ்டமாக இருக்கலாம். எதிர் அலை பெரிதாகவே வருவதால், சின்ன மின்னோட்டம் அலையின் செங்குத்தான பகுதியிலேயே பூஜ்ஜியத்தைக் கடந்துவிடும், வெற்றிடம் சுதாரிக்க நேரம் கிடைக்காது. ஸ்வீடனின் சைபிரேக் போன்ற நிறுவனங்கள், ஒரே அடியில் கெப்பாசிட்டரை அவிழ்ப்பதற்குப் பதில் சிறிய கன்வெர்ட்டரால் அலைவைப் படிப்படியாக வளர்த்து, தேவையான அளவு வந்ததும் நிறுத்துகிற வழியில் இதைச் சமாளிக்கின்றன.

இரண்டாவது வழி, நகரும் பாகமே இல்லாமல் குறைகடத்தியால் வெட்டுவது. ஐஜிபிடி, ஐஜிசிடி, சிலிக்கன் கார்பைடு மாஸ்ஃபெட் எனப் பெயர்கள் வேறு, கருத்து ஒன்று: வாசலில் கட்டளை வந்ததும் சில மைக்ரோநொடியில் பாதையை மூடிவிடும். பழுதைக் கண்டுபிடிக்கும் நேரத்தையும் சேர்த்து 50 மைக்ரோநொடி என்று வைத்துக்கொள்ளுங்கள். ரியாக்டர் இல்லாமல், 1 மில்லிஹென்றியிலேயே, மின்னோட்டம் 1500 ஆம்பியரைத் தாண்டாது. அரெஸ்டருக்குப் போவது 3 கிலோஜூல். முந்தைய 167, 480 என்ற எண்களோடு ஒப்பிட்டால், ஏன் எல்லோரும் இதன் மேல் ஆசைப்படுகிறார்கள் என்று புரியும்.

விலை வேறு பக்கம் இருக்கிறது. வெட்டும்போது 16 கிலோவோல்ட் தாங்க 4.5 கிலோவோல்ட் ஐஜிபிடிகள் குறைந்தது ஆறு தொடராக வேண்டும், அதுவும் இரு திசைக்கும் சேர்த்து. ஒவ்வொரு நிலையிலும் ஐஜிபிடியும் அதன் எதிர் டயோடும் சேர்ந்து 5 வோல்ட் தின்கின்றன என்றால், மொத்தம் 30 வோல்ட். ஆயிரம் ஆம்பியரில் அது 30 கிலோவாட். கடத்தப்படும் 10 மெகாவாட்டில் 0.3 சதவீதம்தானே என்று தோன்றலாம். ஆனால் ஆண்டு முழுக்க முழுச் சுமையில் ஓடினால் இரண்டரை லட்சம் யூனிட்டுக்கு மேல், அதுவும் ஒரே ஒரு பிரேக்கருக்கு, எப்போதோ வரப்போகும் பழுதுக்காகக் காத்திருப்பதற்குக் கூலியாக. அந்த 30 கிலோவாட் சூட்டை வெளியேற்றத் தண்ணீர்க் குழாய், பம்ப், அதற்கொரு பராமரிப்பு. அப்புறம், குறைகடத்தி மூடியிருந்தாலும் கொஞ்சம் கசியும். அதை நம்பி எந்த லைன்மேனும் கம்பியைத் தொட மாட்டார், தொடவும் கூடாது. கம்பியை முழுவதுமாகப் பிரித்துவைக்கும் ஐசொலேட்டர் ஒன்று தனியாகக் கட்டாயம்.

தாழ்வழுத்தத்தில் இது விற்பனைக்கே வந்துவிட்டது. ஏபிபியின் சேஸ் இன்ஃபினிடஸ் 1000 வோல்ட் டிசியில் 2500 ஆம்பியர் வரை எடுத்துக்கொள்ளும் குறைகடத்தி பிரேக்கர். நடுத்தர அழுத்தத்தில் சிலிக்கன் கார்பைடு விலை எப்படி இறங்குகிறது என்பதைப் பொறுத்துத்தான் மிச்சம்.

மூன்றாவது, இரண்டையும் கலந்த ஹைபிரிட். பெயர் வாங்கியதும் இதுதான். ஏபிபி 2012 நவம்பரில் அறிவித்த உயர் அழுத்த ஹைபிரிட் பிரேக்கர் 5 மில்லிநொடியில் வெட்டும் என்றபோது பொறியியல் உலகமே திரும்பிப் பார்த்தது. சாதாரணமாக மின்சாரம் ஓர் உலோகச் சுவிட்ச் வழியாகவும், அதோடு தொடரில் ஒன்றிரண்டு குறைகடத்திகள் வழியாகவும் ஓடும். இழப்பு சில வோல்ட்டோடு நிற்கிறது. பழுது வந்ததும் அந்தச் சின்னக் குறைகடத்தி மூடி, மின்னோட்டத்தைப் பக்கத்திலிருக்கும் பெரிய குறைகடத்தி அடுக்குக்குத் தள்ளும். உலோகச் சுவிட்ச் இப்போது மின்னோட்டமே இல்லாமல், ஆர்க் இல்லாமல் திறக்கும். அது போதிய இடைவெளியை எட்டியதும் பெரிய அடுக்கு மூடும், மின்னோட்டம் அரெஸ்டருக்குள் போகும்.

இதில் நேரத்தைத் தின்பது அந்த உலோகச் சுவிட்ச் ஒன்றுதான். ஆகவே ஆராய்ச்சியின் பாதி அதன் விசைப்பொறியில் இருக்கிறது. தட்டையான சுருள் ஒன்றில் கெப்பாசிட்டரைத் திடீரென்று காலி செய்தால், எதிரே இருக்கும் அலுமினியத் தட்டில் சுழல் மின்னோட்டம் தூண்டப்பட்டு அது துள்ளி விலகும். எலிஹு தாம்சன் பெயரில் தாம்சன் சுருள் என்கிறார்கள். ஒரு மில்லிநொடியில் 2 மில்லிமீட்டர் நகர வேண்டும் என்றால் முடுக்கம் புவியீர்ப்பைப் போல 400 மடங்கு. அதைவிடக் கஷ்டம் அந்த வேகத்தில் போகும் தட்டை, திரும்பித் துள்ளாமல் பிடித்து நிறுத்துவது. எலெக்ட்ரானிக்ஸ் பற்றிய கட்டுரைகளில் இந்த மெக்கானிக்கல் தலைவலி அடிக்குறிப்பாகவே போய்விடுகிறது, நியாயமில்லை.

பெரிய அண்ணனைச் சுருக்கினால் போதாதா?

உயர் அழுத்தத்தில் டிசி பிரேக்கர் ஏற்கெனவே வேலை செய்கிறது. சீனாவின் ஜோவ்ஷான் தீவுகளில் 200 கிலோவோல்ட் ஹைபிரிட் பிரேக்கர் 2016 இறுதியில் சேவைக்கு வந்தது. நான்ஆவ் தீவில் 160 கிலோவோல்ட்டுக்கு, செயற்கைப் பூஜ்ஜியம் உண்டாக்கும் இயந்திர வகையை 2017-ல் வைத்தார்கள். 2020-ல் இயங்கத் தொடங்கிய ஜாங்பெய் வலையமைப்பு ±500 கிலோவோல்ட், அங்கே பிரேக்கர்கள் 25 கிலோஆம்பியரை 3 மில்லிநொடியில் வெட்டும்படி செய்யப்பட்டவை. அப்படியென்றால் 10 கிலோவோல்ட் குழந்தை விளையாட்டு இல்லையா?

தொழில்நுட்பமாகப் பார்த்தால் ஓரளவு ஆம். பணமாகப் பார்த்தால் இல்லை. ஜாங்பெய் பிரேக்கர் ஒன்றுக்கு ஒரு பெரிய கூடமே தேவைப்படுகிறது. ஆயிரக்கணக்கான மெகாவாட் ஓடும் பாதை அந்தச் செலவைத் தாங்கும். 10 மெகாவாட் ஓடும் நகர ஃபீடர் (மின்வினியோகப் பாதை) தாங்காது. அதன் எதிரே விலைப்பட்டியலில் நிற்பது, மலிவான, அலமாரி அளவிலான ஏசி விசிபி பேனல். மேலும் நடுத்தர அழுத்தத்தில் கேபிள் குட்டை, இண்டக்டன்ஸ் குறைவு, பழுது மின்னோட்டம் ஏறுவதும் வேகம். அழுத்தம் குறைந்ததால் பிரச்சினை குறையவில்லை, இடம் மாறியிருக்கிறது.

இந்தியாவின் பெரிய டிசி பாதைகளைப் பார்த்து, அங்கே எப்படிச் சமாளிக்கிறார்கள் என்று கேட்கலாம். சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து கரூர் மாவட்டத்துப் புகளூருக்கு 1,700 கிலோமீட்டருக்கும் மேல் ஓடிவரும் ±800 கிலோவோல்ட், 6000 மெகாவாட் பாதையின் கன்வெர்ட்டர்கள் தைரிஸ்டர் என்ற குறைகடத்தி சுவிட்சுகளால் ஆனவை. கம்பியில் பழுது என்றால், தைரிஸ்டர்களை இயக்கும் கணத்தை மாற்றி, கன்வெர்ட்டரே எதிர் அழுத்தம் கொடுத்து மின்னோட்டத்தைப் பூஜ்ஜியத்துக்குக் கொண்டுவரும். இரண்டு முனைதான், பழுது வந்தால் எப்படியும் அந்தப் பாதையை நிறுத்தித்தான் ஆக வேண்டும். அதனால் அதற்குத் தனி பிரேக்கர் தேவைப்படவில்லை.

நடுத்தர அழுத்தத்திலும் இதே தர்க்கம் நடக்கிறது. பிரிட்டனில், வேல்ஸ் நாட்டு ஆங்கிள்சீ தீவையும் நிலப்பகுதியையும் இணைக்கும் ஆங்கிள்–டிசி திட்டத்தில், பழைய 33 கிலோவோல்ட் ஏசி இணைப்பு ஒன்றை ±27 கிலோவோல்ட் டிசியாக மாற்றினார்கள். ஏன் 27? 33 கிலோவோல்ட் ஏசியில் ஒரு கம்பிக்கும் தரைக்கும் நடுவே வரும் உச்ச அழுத்தம் ஏறக்குறைய அதுதான். இதுவும் இரண்டு முனை இணைப்பு. பல முனைகள் சேர்ந்து வலையாகும்போதுதான், பழுதான கிளையை மட்டும் வெட்டிவிட்டு மற்றதை ஓட விட வேண்டும் என்ற கட்டாயம் வருகிறது. சீனாவின் ஜுஹாய் நகரில் ±10 கிலோவோல்ட்டில் அமைத்த மூன்று முனை வலையமைப்பு அந்த வகை. ஜெர்மனியின் ஆகன் பல்கலைக்கழக வளாகத்தில் 5 கிலோவோல்ட் டிசி வளையம் ஒன்றை ஆராய்ச்சிக்காகவே கட்டியிருக்கிறார்கள்.

பிரேக்கரே வேண்டாம் என்று சொல்லும் கட்சியும் உண்டு. முழுப்பாலம் எனப்படும் அமைப்புள்ள கன்வெர்ட்டர்கள் பழுது வந்ததும் தாமே மின்னோட்டத்தை அடக்கிவிடும். முழு வலையையும் ஒரு கணம் அணைத்து, பழுதான கிளையைச் சாதாரண ஐசொலேட்டரால் கழற்றிவிட்டு, மறுபடி ஏற்றலாம். சில பத்து மில்லிநொடி இருட்டைப் பொறுத்துக்கொள்ளும் இடத்தில் இது நல்ல யோசனை என்றே நினைக்கிறேன். ஆனால் ஒவ்வொரு கன்வெர்ட்டரிலும் கூடுதல் குறைகடத்தி, அதன் கூடுதல் இழப்பு. பிரேக்கரில் மிச்சம் பிடித்ததை அங்கே கொடுக்கிறோம்.

எது பழுது, எங்கே பழுது

பிரேக்கர் எவ்வளவு வேகமாக இருந்தாலும் யாராவது அதற்குச் சொல்ல வேண்டும். ஏசியில் தூரத்தைப் பொறுத்து மின்மறுப்பு மாறும், பழுதைக் கண்காணிக்கும் ரிலே அதை வைத்து பழுது இந்தக் கிளையிலா, அடுத்ததிலா என்று கணிக்கும், நிதானமாகப் பல மில்லிநொடி யோசிக்கும். டிசியில் கேபிளின் மின்தடை மிகக் குறைவு. பழுது 500 மீட்டரில் இருந்தாலும் அடுத்த கிளையில் இருந்தாலும் முதல் சில நூறு மைக்ரோநொடியில் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் தெரியும். இங்கே ரியாக்டர் இரண்டாவது சம்பளம் வாங்குகிறது: கிளையின் முனைகளில் அது இருந்தால், உள்ளே வரும் பழுதும் வெளியே வரும் பழுதும் அழுத்த அலையில் வேறுவேறு முகம் காட்டும். ரியாக்டரைக் கழற்றிவிட்டு முழுக் குறைகடத்தி பிரேக்கருக்குப் போனால், வெட்டும் வேகம் கிடைக்கும், ஆனால் எதை வெட்டுவது என்று தெரிந்துகொள்ளும் வசதி குறையும். ரியாக்டரைப் பெரிதாக்கினாலும் தொல்லைதான். மோட்டார் டிரைவ் மாதிரி, அழுத்தம் குறைந்தால் அதிக மின்னோட்டம் இழுத்துத் தன் திறனை நிலையாக வைத்துக்கொள்ளும் சுமைகளோடு சேர்ந்து அது வலையையே ஊசலாட வைக்கும்.

ஏசியில் பட்டியலைப் பார்த்து, இவ்வளவு கிலோவோல்ட், இவ்வளவு கிலோஆம்பியர் என்று சொல்லி பிரேக்கர் வாங்கிவிடலாம். டிசியில் அப்படி வாங்க முடியாது. ரியாக்டர், கன்வெர்ட்டர், ரிலே, பிரேக்கர் எல்லாம் ஒரே கணக்கின் உறுப்புகள். ஒன்றை மாற்றினால் மற்ற மூன்றும் நகரும். எந்த பிரேக்கர் சிறந்தது என்ற கேள்விக்குப் பொதுவான பதில் இல்லாததற்கும் இதுவே காரணம். கப்பலை எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்கக் கடற்படை எதிர்காலக் கப்பல்களுக்கு 12 கிலோவோல்ட் டிசியைப் பரிசீலித்துவருகிறது. கப்பலில் எடையும் இடமும்தான் பணம், டன் கணக்கில் ரியாக்டர் ஏற்ற முடியாது, தண்ணீர் குளிர்விப்போ எப்படியும் இருக்கிறது. அங்கே குறைகடத்தி அதிகமுள்ள பிரேக்கர் வெல்லும் என்பது என் கணிப்பு. ஊருக்குள் ஓடும் மின்வினியோக ஃபீடரில் நிலைமை தலைகீழ். இரவும் பகலும் ஓடும் இழப்பை ஒழுங்குமுறை ஆணையம் கேள்வி கேட்கும், ரியாக்டரை வைக்க இடம் இருக்கும். அங்கே ஹைபிரிட், இல்லையென்றால் செயற்கைப் பூஜ்ஜிய வெற்றிட வகை.

அமெரிக்க எரிசக்தித் துறையின் ஆர்ப்பா–ஈ அமைப்பு 2018-ல் தொடங்கிய பிரேக்கர்ஸ் என்ற திட்டம், 1 முதல் 100 கிலோவோல்ட் வரையிலான டிசி பிரேக்கர்களுக்கு 500 மைக்ரோநொடி என்ற இலக்கு வைத்தது. ஹைபிரிட்டின் சில மில்லிநொடிக்கும் குறைகடத்தியின் சில பத்து மைக்ரோநொடிக்கும் நடுவே இருக்கும் இடைவெளியைக் குறிவைத்த எண் அது. உலோகச் சுவிட்ச்சை, மின்னழுத்தம் கொடுத்தால் நீளும் பீசோ படிகத்தால் நகர்த்துவது, குறைகடத்திக்குப் பதில் வாயு நிரம்பிய குழாயால் வெட்டுவது என்று பல வழிகளுக்குப் பணம் போனது. பத்தில் இரண்டு தேறினாலும் லாபம்தான்.

செய்த பிரேக்கரைச் சோதிப்பதும் சாதாரண விஷயமில்லை. பல கிலோவோல்ட் டிசியில் பல கிலோஆம்பியரை ஏற்றிவிட்டு, வெட்டிய பிறகும் அழுத்தத்தைப் பிடித்து நிறுத்தும் மூலம் ஆய்வகங்களில் எளிதில் கிடைக்காது. நெதர்லாந்தின் ஆர்ன்ஹெம் நகரில் உள்ள கேமா ஆய்வகம் ஐரோப்பாவின் ப்ரொமோஷன் திட்டத்தில் உயர் அழுத்த டிசி பிரேக்கர்களைச் சோதித்தபோது, ஏசி ஜெனரேட்டர்களையே 16.7 ஹெர்ட்ஸில் மெதுவாக ஓட்டியது. அலையின் உச்சிக்கு அருகே சில மில்லிநொடிகளுக்கு அது டிசியைப் போலவே இருக்கும். பிரேக்கருக்கு அந்தச் சில மில்லிநொடி போதும்.

வாங்குகிறவர்கள் அடிக்கடி விட்டுவிடும் ஒரு விவரத்தைச் சொல்லிவிடுகிறேன்: மறுபடி போடுவது. தலைக்கு மேல் செல்லும் கம்பியில் காக்கையோ கிளையோ பட்டு வரும் பழுது தானே விலகிவிடும். ஏசியில் பிரேக்கர் சில நூறு மில்லிநொடியில் திரும்ப மூடிப் பார்க்கும், பழுது இருந்தால் மறுபடி திறக்கும். டிசியில் அப்படி ஒரு தடவை மூடிப் பார்த்து மறுபடி வெட்ட வேண்டும் என்றால், நம் 10 கிலோவோல்ட் கணக்கில் அரெஸ்டர் குளிர்வதற்கு முன்பே இன்னொரு 167 கிலோஜூல் அதற்குள் போகிறது. தாம்சன் சுருளை இயக்கும் கெப்பாசிட்டரும், செயற்கைப் பூஜ்ஜியத்துக்கான கெப்பாசிட்டரும் அதற்குள் திரும்ப மின்னூட்டம் ஏறியிருக்க வேண்டும், இல்லையென்றால் இரண்டாவது செட் வேண்டும். முழுக்கக் கேபிளாக இருக்கும் ஊர் ஃபீடருக்கு இதெல்லாம் தேவையில்லை, கேபிளில் வரும் பழுது தானாகச் சரியாகாது. மறுபடி மூட வேண்டும் என்ற அந்த ஒரு வரியை விவரக்குறிப்பில் யோசிக்காமல் சேர்த்துவிட்டால், அரெஸ்டர் அடுக்கின் அளவு இரட்டிப்பாகும்.